எலுமிச்சைத் தோல் திருடன்

ரோஸ்வித்தா ஊலிக் வரிசையில் நிற்காமல் நேராகக் கல்லாவுக்கு வந்தாள்.

எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் பொறுப்பார்கள், வரிசையை மீறுகிறவரை மட்டும் பொறுக்க மாட்டார்கள். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

கைக்குட்டையைப் பிரித்து, கடித்து வைத்த ஷ்டோலன் என்னும் கிறிஸ்துமஸ் ரொட்டித் துண்டு ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

“கிஸ்லிண்டே, உன் புருஷனைக் கூப்பிடு.”

“அடுப்புல நிக்கிறாரு. என்கிட்ட சொல்லேன்.”

“சொல்றதுக்கு என்ன இருக்கு? நீயே பாரு!” ரொட்டிக்குள் பச்சையாக மினுங்கிய ஒன்றை நகத்தால் நோண்டி எடுத்தாள்.

பார்த்ததுமே தெரிந்தது. எலுமிச்சைத் தோலுக்குப் பதிலாக எங்கள் கிழக்கு ஜெர்மனி அரசாங்கம் கடைகளுக்கு அனுப்பும் சமாச்சாரம். பாகில் ஊறிய பச்சைத் தக்காளி.

“நான் தக்காளியா கொடுத்தேன்? மேற்குப் பக்கம் ஹாம்பர்க்ல இருந்து எங்கக்கா பார்சல் அனுப்பினா! நிஜ எலுமிச்சைத் தோல், பாதாம், கொழுகொழுன்னு திராட்சை! எல்லாம் இந்தக் கையாலதானே கொடுத்தேன்?”

கொடுத்தாள். வாங்கி வைத்ததே நான்தான். கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஊரே அவரவர் சாமானை எங்களிடம் கொண்டுவரும். என் புருஷன் எபர்ஹார்ட் பிசைந்து சுட்டுக் கொடுப்பார். மாறிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு ரொட்டியிலும் அந்தந்த வீட்டுப் பெயர் எழுதிய தகரத் தகடு செருகியிருக்கும்.

“நேத்து ஒரு துண்டு வெட்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனேன்” என்றாள். “ஷ்டோலன் விரிசல் இல்லாம முழுசா வீடு வந்துச்சு லோத்தார்னு சொன்னேன். எத்தனை நாள் கழிச்சுச் சிரிச்சாரு தெரியுமா! அப்ப நான் பொழைச்சுக்குவேன்டின்னாரு. அப்புறம் ஒரு வாய் கடிச்சாரு. இது தக்காளியாச்சேன்னாரு.”

அவள் புருஷன் லோத்தார் சுரங்கத்துக்கு நுரையீரலைக் கொடுத்தவன். மறுநாள் ஆபரேஷன். வெட்டுவதற்கு முன்பே ஷ்டோலன் தானாக உடைந்துபோனால் வருஷத்துக்குள் அந்த வீட்டில் சாவு விழும் என்பது எங்கள் மலைப்பக்கத்து நம்பிக்கை. சிரிப்பவர்கள்கூட ரொட்டியைத் தூக்கிப் போகும்போது சிரிப்பதில்லை.

எபர்ஹார்ட் உள்ளேயிருந்து வந்தார். முழங்கை வரை மாவு.

“மாஸ்டர், என் எலுமிச்சைத் தோல் எங்கே?”

அவர் வாய் திறக்கும் முன்பே வரிசையில் நின்ற கிழட்டுத் தபால்காரர் ரைன்ஹோல்ட் குறுக்கே வந்தார். “இதுக்குப் போய் ஏம்மா இவ்வளவு சத்தம்? தகடு மாறியிருக்கும். அவசரத்துல வேற ரொட்டியில செருகியிருப்பாரு.”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. “அதேதான்! தகடுதான் மாறியிருக்கும், ரோஸ்வித்தா.”

அவளும் இறங்கி வந்தாள். “சரி, மாறினதாவே இருக்கட்டும். என்னோடதைத் தேடிக் கொடுங்க. பேசாமப் போயிடறேன்.”

எபர்ஹார்ட் கையை ஏப்ரனில் துடைத்தார்.

“தகடு மாறல. நான்தான் எடுத்துக்கிட்டேன்.”

ரோஸ்வித்தா ஓரடி முன்னால் வந்தாள்.

“பாதாமையுமா?”

“அதையும்தான்.”

“சாகக் கிடக்கிறவன் வாய்க்குப் போறதைத் திருடியிருக்கீங்களே, நீங்கல்லாம் மனுஷனா?” என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். பின்னாலேயே வரிசை குலைந்தது. ஒவ்வொருவராகக் கல்லாவுக்கு வந்து கேட்டார்கள்.

“கிஸ்லிண்டே, எங்க வீட்டுச் சாமானை இன்னும் பிசையலையே? கொடுத்துடு. மாதாகோயில் பக்கத்துக் கடையில பாத்துக்கறோம்.”

ஒவ்வொரு பையாக எடுத்துக் கொடுத்தேன். அவமானத்தில் காது கொதித்தது.

மத்தியானம் கடையைச் சாத்தியதும் எபர்ஹார்டைப் பிடித்துக்கொண்டேன்.

“தகடு மாறிடுச்சுன்னு ஒத்த வார்த்தை! ரைன்ஹோல்ட் வாயிலேயே ஊட்டிவிட்டாரே, முழுங்க வேண்டியதுதானே?”

“முழுங்கினா, என் ரொட்டியைக் கொடுன்னு நின்னிருப்பா.”

“நின்னா கொடுக்கறது! இல்ல, அதையும் தின்னு தீர்த்தாச்சா?”

“தொடக்கூட இல்ல. மேல இருக்கு. நம்ம ரொட்டி வைக்கிற இடத்துல.”

“அப்ப நம்மளோடது?”

“அவகிட்ட போச்சு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நானே கொண்டுபோய் அவள் வீட்டு மேசையில் வைத்து, இந்தா உன் எலுமிச்சைத் தோல், என் புருஷன் திருடன் இல்லை, மறதிக்காரன் என்று கத்திவிட்டு வரலாம் என்றுதான் மாடி ஏறினேன்.

துணியை விலக்கினேன். எலுமிச்சை வாசம் குப்பென்று வந்தது. பாதாம், திராட்சை, அவள் கொடுத்த எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தன. தெரியாமல் என்ன செய்யும்? ரொட்டி நடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

“அடுப்புல இருந்து எடுக்கறப்பவே உடைஞ்சுடுச்சு” என்றார் பின்னாலேயே ஏறி வந்தவர். “அவ வீட்டுல இதை எப்படிக் கொடுப்பேன், சொல்லு?”

துணியை இழுத்து மூடினேன். அழுகை வந்தது, கூடவே பெருமையும் வந்தது.

சாயங்காலம் கடை திறந்ததும் முதல் ஆளாக ரைன்ஹோல்ட் வந்தார். தாழ்ந்த குரலில் கேட்டார்: “எபர்ஹார்ட் அப்படிப்பட்ட ஆளே இல்லையேம்மா. என்ன நடந்துச்சு? நீயாவது உண்மையைச் சொல்லு.”

“உண்மைதான் தாத்தா” என்றேன். “அவரு எடுத்தாரு. பாதியைத் தின்னது நான்.”