பாதிச் சோடா

கீரிக் கடற்கரைக்குப் பக்கத்து மாதர் சங்க மண்டபத்தில், சன்னல் கம்பிகளூடே வந்த காலை வெயில் மேசையில் விழுந்து கிடக்கிறது. ஜெனிஸ்ரா அச்சுப்பெட்டியைக் கவிழ்க்கிறாள். சவர்க்காரம் கட்டியாக விழாமல் கொழகொழவென்று சரிகிறது. அதன் ஓரத்தால் தேங்காயெண்ணெய் கசிந்து விரிப்பில் ஓடுகிறது. ஓடர் கொடுக்கக் கொழும்பிலிருந்து வந்த பெண் தன் கைப்பையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள். முன்வரிசைக் கதிரையில் இமெல்டா அசையாமல் இருக்கிறாள். இரண்டு வருடம் தன்னோடு கூட்டாகச் சவர்க்காரம் செய்த ஜெனிஸ்ரா, தான் யாருக்கும் காட்டாத அளவுக் கொப்பியைக் களவாகப் பார்த்து எழுதுகிறாள் என்று தெரிந்த அன்றே, கோஸ்ரிக் சோடாவின் அளவைப் பாதியாகத் திருத்திவிட்டு, கொப்பியை வேண்டுமென்றே மறந்தவள்போல் விட்டுப் போனவள் அவள். எண்ணெயைச் சவர்க்காரமாக்குவது சோடாதான்; அது முடிகிற இடத்தில் சவர்க்காரமும் முடிந்துவிடும். எவ்வளவு ஊற்றினாலும் மிச்ச எண்ணெய் எண்ணெயாகவே கிடக்கும். அது இமெல்டாவுக்குத் தெரியும், ஜெனிஸ்ராவுக்குத் தெரியாது. ஜெனிஸ்ராவின் மேலுதட்டில் வியர்வை துளிர்க்கிறது. “இமெல்டாக்கா, எண்ணெய் காணாதோ? இன்னும் ஒரு போத்தல் விட்டுக் கிண்டிப் பாக்கட்டோ?” என்று அவள் தாழ்ந்த குரலில் கேட்கிறாள். இமெல்டா எழுந்து போய், போத்தல் மூடியைத் தானே திருகித் திறந்து, அவள் கையில் கொடுக்கிறாள். “ஓம் பிள்ளை, தாராளமா விடு.” எண்ணெய் குளுகுளுவென்று இறங்குகிற சத்தத்தை, கண்களை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் கேட்கிறாள்.