ஆழாக்குத் தயிர்

ராயபுரத்தில் அன்று காலை ஒரு மருமகளின் விலை ஓர் ஆழாக்குத் தயிர். அது உறையவில்லை என்பதற்காக, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத குணசுந்தரியைப் பெரம்பூரில் அவள் அப்பா வீட்டுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வாசலில் கை ரிக்‌ஷா நின்றது.

அதே வாசலில் பால்கார வேலப்பனும் தன் செவலைப் பசுவோடு நின்றான். வாடிக்கை வீடுகளின் வாசலிலேயே, கண்ணெதிரே கறந்து ஊற்றுவது அவன் தொழில். பசு நிம்மதியாக அசைபோட்டது. அவனுக்குத்தான் வாய் உலர்ந்து போயிருந்தது.

"ஒரு மாசமா பாக்குறேன், இவ உறைமோரு ஊத்துனா பாலு பாலாவே கீது!" மாமியார் கெங்கம்மா தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "லச்சுமி தங்காத கை! எம் புள்ளையோட கயிறு யாவாரம் படுத்துகினதே இவ வந்தப்பறம்தான்!"

புது மருமகள் கையால் தயிர் உறைய வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். ஒரு மாதம் என்றதை வேலப்பன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோபம் வந்தால் மாமியார்கள் நாளுக்கும் வட்டி போட்டுத்தான் சொல்வார்கள். அவனுக்கு உண்மையான தேதி தெரியும். போன வெள்ளிக்கிழமை.

செவலையின் மடி அதற்குச் சில நாள் முன்பே கல்லாக வீங்கிப் போயிருந்தது. சல்பா மாத்திரை கொடுத்தும் கேட்கவில்லை. கடைசியில் அந்த வெள்ளிக்கிழமைதான் மாட்டு டாக்டர் தேவப்பிரியம், மனுஷர்களே சிபாரிசு பிடித்து வாங்குகிற பென்சிலினைக் காம்பு வழியாக ஏற்றினார்.

"மூணு நாளைக்கு இந்தப் பாலை மண்ணுல கொட்டிடணும், வேலப்பா. இது கிருமியைக் கொல்ற மருந்து. நல்ல கிருமி, கெட்ட கிருமின்னு ஆள் பாக்காது. பாலைத் தயிராக்குறதும் ஒரு கிருமிதான். அதையும் சேத்துக் கொன்னுடும்" என்றார்.

வேலப்பன் பசுவின் முதுகில் கைவைத்துச் சத்தியம் செய்தான். மறுநாள் காலை அதே கையால் வீடு வீடாகக் கறந்து ஊற்றினான். மூன்று நாள் தலைகாட்டாத பால்காரனுக்கு நாலாம் நாள் எந்தக் கதவு திறக்கும்?

குணசுந்தரி தகரப் பெட்டியோடு வெளியே வந்தாள். தலையில் புதுசாக ஒரு முழம் மல்லி.

"தொரத்தி வுட்றப்பகூட பூவு கேக்குது பாரு மகாராணிக்கு!" என்றாள் கெங்கம்மா.

பெண் நிமிரவில்லை. கண்ணில் ஒரு சொட்டு நீர்கூட இல்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் அடித்துவிட்டோமே என்று நினைத்தான் வேலப்பன். அவள் புருஷன் ரகுபதி நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதவன்போலச் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான்.

ரிக்‌ஷாக்காரன் பெட்டியில் கைவைத்தான். அதற்குமேல் வேலப்பனால் தாங்க முடியவில்லை.

"எம்மா, அந்தப் பொண்ண வுட்டுடு! தப்பு என்தும்மா!"

"நீ இன்னாடா நடுவுல? மாட்டைப் பாத்துகினு போ."

"மாட்டாலதாம்மா பேஜாரே! அதுக்கு ஊசி மருந்து ஏத்திகீது. அந்தப் பாலு உறையாதுன்னு டாக்டரு படிச்சுப் படிச்சு சொன்னாரு. கொட்ட மனசு வராம நான்தான் உங்களுக்கெல்லாம் ஊத்திட்டேன். பொண்ணு கை நல்ல கைம்மா!"

எதிர் வீட்டு ஆலிஸ் முதலில் வாயைத் திறந்தாள்.

"அதானே பாத்தேன்! எங்க வூட்லயும் வெள்ளிக்கெழமைக்கப்பறம் உறையவே இல்ல. பூனை வாய் வெச்சிட்ச்சின்னு நான் அந்தப் பூனைய இல்ல மொத்திகினு கீறேன்!"

கெங்கம்மாவின் கோபம் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டது. "அடப்பாவி! மாட்டு மருந்தையா எங்க வவுத்துல ஊத்துன? நாளையிலேர்ந்து உம் மாட்டு வாலு இந்தத் தெருவுல தெரியக் கூடாது, ஆமா!"

பிறகு மருமகள் பக்கம் திரும்பி, குரலைக் கொஞ்சம் இறக்கினாள். "செரி, உள்ள போடி. ரிக்‌ஷாக்காரரே, நீ போய்க்கோ." ரகுபதி தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

ஒரு தெரு வாடிக்கை போயிற்று. ஆனாலும் வேலப்பனுக்கு நெஞ்சில் ஏறியிருந்த மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. அவன் கயிற்றை அவிழ்க்கும்போது, பசுவின் பக்கத்தில் கிடந்த பால் செம்பை எடுக்க குணசுந்தரி வந்தாள்.

"இனிமே உன் கைய யாரும் கொற சொல்ல மாட்டாங்க, கண்ணு" என்றான்.

"ஒரு மாசமா உறையாதது உன் மாட்டால இல்ல, நைனா. உறைமோரைக் கொதிக்க வெச்சி ஊத்திகினு இருந்தவ நான்."

"நீயா? ஏம்மா?"

அவள் ரவிக்கைக் கையைச் சற்றே ஏற்றினாள். கயிற்றால் அடித்த தடங்கள், பழசின் மேல் புதுசாக.

"நானா ஓடிப் போனா எங்கப்பாரு சேக்க மாட்டாரு. அவங்களா தொரத்தி வுட்டாத்தான் வெச்சிப்பேன்னு சொல்லிட்டாரு."

உள்ளேயிருந்து ரகுபதி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் குனிந்து செம்பை எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு தபா எங்கப்பாரு கொண்டாந்து என்ன இங்க வுட்டாரு. மூணாவது தபா, நீ."