விடியும்வரை இரட்டைச் சம்பளம்

இரவு ஷிப்டுக்கு விடியும்வரை இரட்டைச் சம்பளம் என்பது அந்த ஆலையின் விதி. மகளின் படிப்புக்காகப் பாய்லர்காரர் அந்த ஷிப்டைக் கேட்டு வாங்கியிருந்தார். அன்று வேலை நீண்டுகொண்டே போனது. ஜன்னலில் இருட்டு அசையவேயில்லை.

"என்ன மேஸ்திரி, இன்னும் விடியலையே?"

"விடியாட்டி உனக்குத்தானப்பா லாபம். கசக்குதா?"

அப்போது மனைவி போனில் அழைத்தாள். "பாப்பா பள்ளிக்கூடம் விட்டே வந்துட்டா, உங்களைக் காணோம். கேட்டுக்கு வெளியதான் நிக்கிறேன். வெயில் மண்டையைப் பிளக்குது, வாங்க."

அவர் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தார். வெளியே கும்மிருட்டு. ஒருவரும் இல்லை.

"சாத்திட்டு வாப்பா, சம்பளம் ஏறிக்கிட்டிருக்குல்ல," என்று உள்ளிருந்து மேஸ்திரி கூப்பிட்டார்.

"கேட்டைத் திறங்களேன்," என்றாள் மனைவி போனில்.

அவர் பிடித்திருந்த கேட்டின் இரும்புக் கம்பி, கடும் வெயிலில் காய்ந்ததுபோல் சுட்டது.