சிவப்பில் இருந்த மைக்

ஹெட்செட்டில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"பயமா இருக்கும்மா. கொஞ்சம் யோசிக்கிறேன், லைன்லயே இருங்க," என்றவர் அதன்பிறகு வாய் திறக்கவில்லை.

ரசாயன ஆலை ஊழியர். கழிவை ஏரிக்குள் திறந்துவிடும் குழாயின் படங்கள் அவரிடம் இருந்தன. அவள் நிருபர். இருப்புக்கொள்ளாமல் காத்திருந்தாள்.

அவளுடைய கணினிக்குள் தனித்தனி அறைகள் உண்டு. சிவப்பு ஓரம் போட்ட அறை, இவரைப் போன்றவர்களுக்கு. நீல அறை, வீட்டுக்கு. ஒன்றில் திருடன் புகுந்தாலும் அடுத்ததற்குப் போக வழி கிடையாது. கேமராவோ மைக்கோ எந்த அறைக்கு வேண்டுமோ அதற்கு அவளே எடுத்துக் கொடுக்க வேண்டும். கேமரா தனியாக, மைக் தனியாக.

"ஒரு போட்டோ பாக்க மூணு கதவு தொறக்குற ஆளு நீ ஒருத்திதான்க்கா," என்பான் தம்பி அதியன்.

கேலி செய்துவிட்டுப் போகட்டும். போன வருடம் சாதாரணக் கணினியில், அவசரத்தில், மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொட்டுத் தொலைத்தாள். தகவல் தந்தவரின் பெயர் வெளியே போனது. அவர் வேலையும் போனது. 'ஒன்னும் ஆகாது' என்று அவரிடம் சொல்லியிருந்தாள். அதன்பிறகு அந்த வார்த்தையை யாரிடமும் சொல்வதில்லை.

நீல அறையில் அழைப்பு. அதியன்.

கைபேசி அணைந்து அரிசி டின்னுக்குள் கிடந்தது. யாரும் ஒட்டுக்கேட்காமலிருக்க, இப்படிப் பேசும் நாட்களில் அதுதான் அவள் வழக்கம்.

மதுரையில் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. நாளைக்கு என்றல்லவா சொன்னார்கள்?

சிவப்பைத் துண்டித்தால் இவர் திரும்பி வரமாட்டார். பாழாய்ப்போன அறைகள். அவசரமாகக் கேமராவை நீலத்துக்குக் கொடுத்தாள்.

ஸ்ட்ரெச்சரில் அப்பா. "இப்பவே கூட்டிட்டுப் போறாங்கக்கா. சீக்கிரம் பேசு."

அப்பாவின் கண்ணில் அப்படி ஒரு பயத்தை அவள் பார்த்ததே இல்லை.

அப்பா என்று கூப்பிட்டால் அழுதுவிடுவாள். அந்தச் சொல்லை விழுங்கிவிட்டுப் பேசினாள்.

"பயப்படாதீங்க. ஒன்னும் ஆகாது. நான் இருக்கேன்ல."

அப்பா அவள் முகத்தையே பார்த்தார். புருவம் சுருங்கியது.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. கதவு மூடியது.

"என்னக்கா, மைக் போடலையா?" அதியனின் குரல் உடைந்திருந்தது. "வாய்தான் அசைஞ்சுது. அப்பாவுக்கு ஒன்னுமே கேக்கல."

திரையின் மூலையைப் பார்த்தாள்.

மைக் இன்னும் சிவப்பு அறையில்தான் இருந்தது.

ஹெட்செட்டில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பிறகு அந்தக் குரல், இந்த முறை தெளிவாக.

"சரிம்மா. நீங்க இவ்ளோ சொன்னப்புறம் எனக்கென்ன பயம். அனுப்பிட்டேன். இருப்பீங்கல்ல?"

படங்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பு அறைக்குள் வந்து விழுந்தன.

'அது உங்களுக்குச் சொன்னது இல்லை' என்று சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் அழித்துவிடலாம். அவர் பாட்டுக்கு நாளைக்கு வேலைக்குப் போவார்.

நீல அறையில் மூடிய கதவு மட்டும் தெரிந்தது.

அவள் மைக்கை மாற்றவில்லை.

"இருப்பேண்ணே," என்றாள்.