காத்தோட்டமான இடம்

“வாங்க மாஸ்டர், வாங்க. மாஸ்டரம்மா, வாங்க. பாப்பா, வா கண்ணு.”

தெருமுனைக்கே வந்து கும்பிட்டு நின்றார் சோலைராஜ். ‘மாஸ்டரம்மா’ என்றதில் வெள்ளத்தாய்க்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவள் புருஷன் ஆண்டிச்சாமி அந்த நூல் மில்லுக்கு ஸ்பின்னிங் மாஸ்டராக வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. புது மாஸ்டருக்கு சூப்பர்வைசர்கள் வீட்டில் விருந்து வைப்பது அங்கே வழக்கம். காலனியில் பிறந்து மாஸ்டர் நாற்காலி வரை வந்தவர் அந்த மில்லில் அவர் ஒருவர்தான். அதனால் விருந்துக்கு யாரும் கூப்பிடாமலே மூன்று மாதம் ஓடிவிட்டது. சோலைராஜ்தான் முதலில் அழைத்தார்.

இரண்டு நாளாக வெள்ளத்தாய்க்குத் தூக்கமில்லை. ராஜபாளையத்தில் இந்த மாதிரித் தெருவுக்குள் அவள் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவள். மகளோ பட்டுச் சேலை சரசரக்க விருந்தாளியாகப் போகிறாள். சும்மாவா?

“முன்னாடி ஒரே புழுக்கம் மாஸ்டர். பின்னாடி காத்தோட்டமா இடம் பண்ணியிருக்கேன்” என்று பக்கத்துச் சந்து வழியாகக் கூட்டிப்போனார் சோலைராஜ்.

பின்பக்கத்தைப் பார்த்ததும் வெள்ளத்தாய் வாயைப் பிளந்தாள். வழவழவென்று சிமெண்ட் தளம். மேலே கீற்றுப் பந்தல், அதில் டியூப் லைட். சாய்ந்து உட்கார பெஞ்சு, சுற்றிலும் குரோட்டன்ஸ் தொட்டிகள். மேற்கே பார்த்தால் மலை தெரிந்தது. சினிமாவில் பணக்காரர்கள் உட்கார்ந்து காபி குடிப்பார்களே, அது கெட்டது போங்கள்.

“எம்புட்டு அழகா இருக்கு! எப்பக் கட்டுனீக?”

“பத்து நாளா கொத்தனார் வேலைதான். எல்லாம் மாஸ்டருக்காகத்தான்.”

ஆண்டிச்சாமி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

ஒண்ணுக்கு வருது என்று பாப்பா அம்மாவின் காதைக் கடித்தாள். சோலைராஜ் மனைவி அழகுத்தாய், “இங்கனயே இருக்கு கண்ணு” என்று மூலையைக் காட்டினாள். கதவில் பெயிண்ட் வாசனை போகாத புதுக் கக்கூஸ். தண்ணீர் வந்த எவர்சில்வர் டம்ளரும் புதுசு. கடைக்காரன் ஒட்டிய சீட்டைக்கூட உரிக்கவில்லை. நமக்காகவே வாங்கியிருக்கிறார்கள் என்று வெள்ளத்தாய்க்கு மனம் பொங்கியது.

தலைவாழை இலை போட்டு நாட்டுக்கோழி, கோலா உருண்டை, ரசம் என்று அடுக்கினாள் அழகுத்தாய். வெள்ளத்தாய் ரசித்துச் சாப்பிட்டாள். ஆண்டிச்சாமி கடனே என்று பிசைந்துகொண்டிருந்தார்.

பாதிச் சாப்பாட்டில் மலையிலிருந்து மழை இறங்கிவிட்டது. கீற்றுப் பந்தல் எம்மட்டுக்குத் தாங்கும்? இலையில் சொட்டு விழுந்தது.

“எந்திரிக்காதீக, எந்திரிக்காதீக” என்று சோலைராஜ் ஓடிப்போய்த் தார்ப்பாய் கொண்டுவந்தார். மூன்று முனையைக் கட்டிவிட்டார். நாலாவதற்குக் கயிறு இல்லை. அதைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இவர்கள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கொட்டுகிற மழையில் நின்றார். சட்டை உடம்போடு ஒட்டி, தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது.

வெள்ளத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. கூடப்பிறந்தவன்கூட இப்படி நனைய மாட்டான்.

ஆண்டிச்சாமியோ பாதியில் எழுந்தார். போதாக்குறைக்குத் தன் இலையைத் தானே சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

“ஐயோ, வைங்க மாஸ்டர்” என்றாள் அழகுத்தாய், நின்ற இடத்திலிருந்தே.

விருந்துக்கு வந்த இடத்தில் இலையை எடுக்கிறாரே, இங்கிதம் தெரியாத மனுஷன் என்று வெள்ளத்தாய்க்கு உடம்பே கூசிப்போனது. அதைச் சரிக்கட்டத்தான் கிளம்பும்போது அழகுத்தாயின் அருகில் போனாள்.

“அக்கா, பதினேழாந்தேதி பாப்பாவுக்குக் காதுகுத்து. நீங்க ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்து, செத்த நேரம் இருந்து, கை நனைச்சிட்டுத்தான்...”

“அவியளுக்கு அன்னைக்குத் தோதுப்படாது” என்று குறுக்கே விழுந்தார் ஆண்டிச்சாமி. “ஷிப்ட் இருக்கும்.”

“ஆமா மாஸ்டர், ஷிப்ட் இருக்கு” என்றார் சோலைராஜ், ஈரத் தலையைத் துவட்டியபடி.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது வெள்ளத்தாய் வெடித்துவிட்டாள்.

“பதவி வந்ததும் உங்களுக்குத் திமிரும் வந்துருச்சு. ஒரு மனுசன் மழையில நனைஞ்சுக்கிட்டு நமக்குச் சோறு போட்டிருக்கான். நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீகளா? பதிலுக்கு நம்ம வீட்டுக்குக் கூப்பிட்டா அதையும் கெடுத்துட்டீக. அந்தக் கௌரவம் ஒருநா எனக்குக் கிடைச்சா ஆகாதா?”

ஆண்டிச்சாமி பாப்பாவின் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஏட்டி, மூணு மணி நேரம் அவிய வீட்ல இருந்தோம்ல?”

“ஆமா. அதுக்கென்ன?”

“அவிய வீட்டுக்குள்ள சுவத்துக்கு என்ன கலர் அடிச்சிருக்கு, சொல்லு பாப்போம்.”

வெள்ளத்தாய் யோசித்தாள். மறுபடியும் யோசித்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போனது.

“நம்மள உள்ள கூப்பிடாம இருக்கத்தாம்ட்டி, அந்த மனுசன் பத்து நாளா வெளிய கட்டியிருக்கான்.”