குடோனுக்குப் போ!

"ஒரு ஜன்னலுக்கு அளவு சொல்லத் தெரியல, உனக்கெல்லாம் கவுன்ட்டர் ஒரு கேடா? போ, குடோனுக்குப் போய் சரக்கு அடுக்கு!"

கர்ட்டன் வாங்க வந்தவர்கள் முன்னாலேயே சூப்பர்வைசர் கத்தினார். மீட்டரக்கா தலையைக் குனிந்துகொண்டு பின்பக்கம் போனாள். ஜன்னலைப் பற்றிச் சொன்னாலே போதும், எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறவள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். அவளையா அளவு தெரியாதவள் என்பது?

புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கடையில் அவளுக்குப் பெயரே 'புதுசு'தான்.

"என்னக்கா அநியாயம் இது? சரியாத்தானே சொன்னாங்க?" என்று பக்கத்திலிருந்த விற்பனைப் பெண்ணிடம் கேட்டாள்.

"மாசாமாசம் ரெண்டு மூணு நாள் அந்தச் சிடுமூஞ்சிக்கு மீட்டரக்கா மேல இப்படி வரும். போன மாசம் சிரிக்கலைன்னு திட்டினார். நீ கண்டுக்காதே."

புதுசால் முடியவில்லை. நேராக முதலாளியம்மாவிடம் போய்க் கொட்டிவிட்டாள்.

முதலாளியம்மா சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, நாலு பேர் பார்க்க வாங்கு வாங்கென்று வாங்கினாள். "தண்டனை குடுக்க நீங்க யாரு? நான் சொல்லாம இனிமே ஒருத்தரும் குடோனுக்குப் போகக் கூடாது. அவளை வெளியில வரச் சொல்லுங்க!"

சூப்பர்வைசர் இடித்த புளி மாதிரி நின்றார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டே புதுசு குடோனுக்கு ஓடினாள்.

அங்கே மீட்டரக்கா சரக்கு எதுவும் அடுக்கவில்லை. மெத்தைவிரிப்புக் கட்டுகளின் மேல் சுருண்டு படுத்திருந்தாள். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை. தலைமாட்டில் ஒரு கெட்டில்.

"கதவைச் சாத்துடி, யாராவது பார்த்துடப் போறாங்க."

"என்னக்கா ஆச்சு?"

"எண்டோமெட்ரியோசிஸாம். சொல்றதுக்குள்ள நாக்கு சுளுக்கிக்கும். கர்ப்பப்பைக்குள்ள இருக்கிற சவ்வு மாதிரியே ஒண்ணு வெளியிலயும் வளருதாம். ஹார்மோன் ஏறி இறங்கும்போது அதுவும் தடிச்சு, ரத்தம் கசிஞ்சு, உள்ளயே புண்ணாக்குது. இடுப்பைப் பிச்சு எடுக்குது. ஹார்மோன் மாத்திரை குடுத்திருக்காங்க. கட்டுக்குள்ள வரக் கொஞ்ச மாசம் ஆகும்னாங்க."

"லீவு கேட்க வேண்டியதுதானே?"

"முன்னாடி இப்படி லீவு கேட்ட ஒருத்தியை 'வீட்டுலயே இருந்துக்கோ'ன்னு கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க முதலாளியம்மா. கடையில உட்காரவும் விடமாட்டாங்க. சூப்பர்வைசர் சம்சாரத்துக்கும் இதே வலிதான். என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிட்டார். அதான் எதையாவது சொல்லித் திட்டி இங்க அனுப்பறார். இந்தக் கெட்டில்கூட அவர் வீட்டுது." லேசாகச் சிரித்தாள். "ஆமா, நீ எதுக்கு ஓடி வந்தே?"

புதுசுக்கு வெட்கத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள்.

மீட்டரக்கா திட்டவில்லை. பையை ஓரமாக வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்லது நினைச்சுத்தானே செஞ்சே. வா, போகலாம்."

அடுத்த மாதம் ஒரு நாள், கவுன்ட்டரைப் பிடித்திருந்த மீட்டரக்காவின் விரல்கள் வெளுத்துக் கிடந்தன. சூப்பர்வைசர் தூரத்திலிருந்து பார்த்தார். அவரால் இப்போது வாயைத் திறக்க முடியாது.

புதுசு கத்தரிக்கோலை டங்கென்று வைத்தாள்.

"அம்மா! இந்த அக்காகூட என்னால நிக்க முடியாது. காலையிலேருந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு, வர்றவங்களையெல்லாம் விரட்டுறாங்க!"

வியாபாரம் கெடுகிறது என்றால் முதலாளியம்மாவுக்குப் பொறுக்காது. "அப்படியா சங்கதி? போடி குடோனுக்கு! ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் தலைகாட்டாதே."

மீட்டரக்கா தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

"சீ, அன்னைக்கு என்னமோ நியாயம் பேசினே! நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

புதுசு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

சூப்பர்வைசர் மட்டும் சத்தமில்லாமல் கெட்டிலுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனார்.