மைதான நடுவில் ஓநாய்

பனிக்கட்டி மைதானத்தின் குளிரூட்டியை நிறுத்தியாயிற்று. 'துறைமுக ஓநாய்கள்' ஹாக்கி அணியைப் போன வாரம் கலைத்துவிட்டார்கள். கட்டடத்தையும் இடிக்கப் போகிறார்கள்; அதற்குமுன் பனி முழுவதையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். மேற்குச் சன்னல் வெயில் காலி இருக்கைகளைத் தாண்டி மைதான நடுவில் விழுகிறது. அங்கே பனிக்கு அடியில் தீட்டியிருக்கும் நீல ஓநாய் முகத்தின் மேல் உருகிய நீர் தேங்கி அசைய, கண்கள் உருள்கின்றன. அணி பிறந்தபோது அந்தச் சின்னத்தை வரைந்த ஐலா அதன் ஓரத்தில் நிற்கிறாள். பனி சுரண்டும் வண்டியை மார்செல் அவளருகே கொண்டுவந்து நிறுத்துகிறான்.

"இருபது வருஷமா இது மேல வண்டி ஓட்டுறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தப் பய என்னையே முறைக்கிறான்."

"முறைக்கல மார்செல். அவன் பார்வையே அப்படித்தான்."

"யாரு பார்வை?"

"என் தம்பி ரெய்னோ. உறைஞ்ச ஏரியில மீன் பிடிக்கப் போனவன், பனி உடைஞ்சு உள்ள போயிட்டான். உடம்பு கிடைக்கவே இல்ல. அந்த வருஷந்தான் இத வரைஞ்சேன். கண்ணு மட்டும் தன்னால அவனோடதா வந்துருச்சு."

மார்செல் எஞ்சினை அணைக்கிறான். கூரையிலிருந்து சொட்டும் நீர் எங்கோ தகரத்தில் விழுகிறது. ஒவ்வொரு பருவத்திலும் புதுப் பனிக்கு அடியில் அந்த முகம் மேலே பார்த்தபடி கிடந்தது. ஐலா ஒரு ஆட்டத்தையும் முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. இப்போது மண்டியிட்டு, இடது கண்ணின் மேல் உள்ளங்கையை வைக்கிறாள். விரல்களுக்கு நடுவே நீலம் கசிகிறது. மார்செல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்கிறான்.

"இந்த ஒரு இடத்த மட்டும் விட்டுட்டுப் போகட்டுங்களா?"

"வேண்டாம், சுரண்டிடு," என்கிறாள் ஐலா, கையை எடுக்காமல். "ரொம்ப நாளாக் குளிர்ல கிடக்கான்."